வெட்டவெளியில் நிற்கும் பழைய கடல் விமானங்கள்: மட்டக்களப்பில் ஒன்று வைத்தால் தாங்குமா?

வாவிக்கரையான் (கல்லடி)

கல்லடிப் பாலத்தடியில் வாவியைப் பார்த்தபடி ஒரு பழைய கடல் விமானத்தை நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று எங்கள் கூட்டாளிமாருக்குள் ஒரு கதை ஓடுகிறது. காசும் இல்லை, விமானமும் இல்லை, வெறும் வாய்க்கதைதான். ஆனாலும் அடியில்லாத கதை என்று தள்ள முடியாது. 1942 ஏப்ரல் 4 ஆம் திகதி கொக்கலை வாவியிலிருந்து எழும்பிய கற்றலினா பறக்கும் படகு ஒன்று, தெற்கே ஜப்பான் கடற்படை வந்துகொண்டிருப்பதைக் கண்டு செய்தி அனுப்பியது. ஓட்டியவர் கனடா விமானப்படையின் 413 ஆவது அணியைச் சேர்ந்த லெனார்ட் பேர்ச்சல். செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானின் சீரோ சண்டை விமானங்கள் சுட்டு வீழ்த்தின. ஒன்பது பேரில் ஆறு பேர் தப்பி, யுத்தம் முடியும்வரை ஜப்பான்காரரின் சிறையில் கிடந்தார்கள். ஐந்து நாள் கழித்து, அதே கடற்படையின் விமானங்கள்தான் எங்கள் கரைக்கு நேரே பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸைத் தாழ்த்தின.

கேள்வி இரண்டு. உலகத்தில் அரிய இராணுவக் கடல் விமானங்கள் எங்கெங்கே வெளியில் நிற்கின்றன? இந்த உப்புக் காற்றில் அப்படி ஒன்று எத்தனை காலம் தாங்கும்?

நானே தொடங்கி வைக்கிறேன். ஜப்பானின் தெற்கே கனோயா விமானத் தளத்து நூதனசாலையில் கவனிஷி எச்8கே நிற்கிறது. நேச நாட்டுக்காரர் அதற்கு வைத்த பெயர் எமிலி. 167 கட்டினார்கள், மிஞ்சியது அந்த ஒன்றுதான். நாலு எஞ்சின், இறக்கை 38 மீற்றர். யுத்தம் முடிந்ததும் அமெரிக்கா கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்ச் சோதித்துப் பார்த்துவிட்டு நோர்போக்கில் வைத்திருந்தது. 1979 இல் திருப்பிக் கொடுத்தது. தோக்கியோ கடலோரத்தில் கப்பல் நூதனசாலையின் முற்றத்தில் 2004 வரை நின்று, பிறகு கனோயாவுக்குப் போனது. அங்கேயும் வெட்டவெளிதான்.

அதன் அடிப்பாகப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மூக்குக்குக் கீழே, படகின் அடியோரமாக இரண்டு பக்கமும் ஒரு நீண்ட விளிம்பு ஓடும். தண்ணீரில் ஓடும்போது தெறிக்கும் நீர் சுழலியில் அடிக்காமல் அமுக்கி விடுவதற்கு. வடிவமைத்தவர் ஷிசுவோ கிகுஹாரா. யுத்தத்துக்குப் பிறகு ஜப்பான் கட்டிய பிஎஸ்1 பறக்கும் படகிலும் அவர் கை இருக்கிறது.

கொக்கட்டிச் செல்வன்

மச்சான், பாலத்தடியில் முதலில் குப்பையை அள்ளு. மறுகா பிளேனை நிப்பாட்டலாம்.

அக்கரைப்பற்றான்

தம்பி, ஆசை நல்ல ஆசை. நான் வளைகுடாவில் விமான ஹாங்கரில் கன காலம் வேலை செய்தவன், ஆகையால் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

விமானம் துருப்பிடிக்கும் என்றால் ஆட்கள் சிவப்புத் துருவைத் தேடுவார்கள். அலுமினியத்தில் அது வராது. பெயின்ற் முதலில் சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பும். நகத்தால் கீறினால் உள்ளே சாம்பல் கலந்த வெள்ளைத் தூள். இன்னும் கொஞ்ச நாள் விட்டால் தகடு ஏடு ஏடாக உரியும். பெரும்பாலும் இரும்புப் போல்ற் இருக்கிற இடத்தைச் சுற்றித்தான் தொடங்கும். இரும்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் புகுந்தால் அங்கே ஒரு பற்றரி வேலை செய்யத் தொடங்குகிறது, அதில் கரைவது அலுமினியம். சில்லு, கியர்ப்பெட்டி மூடி போன்ற மக்னீசியம் கலந்த சாமான்கள் அதைவிட வேகமாகப் போய்விடும்.

பறக்கும் படகுக்கு இதைவிட ஒரு சங்கடம் இருக்கிறது. அதன் அடிவயிறு படகு. வெளித் தண்ணீர் உள்ளே வராமல் அடைத்துக் கட்டியிருப்பார்கள். கரையில் ஏற்றி வைத்தால் அதே அடைப்புத்தான் எதிரி. மேலே கண்ணாடி ஓரத்தாலும் மூடிகளாலும் இறங்கும் மாரி மழை வெளியே போக வழியில்லாமல் அடியில் தேங்கும். வடிகால் துளைகளைத் திறந்து விடலாம். திறந்த மறு மாதமே குளவி வந்து மண் கூடு கட்டி அடைக்கும். இது பகிடி இல்லை, நிறுத்தி வைத்த விமானத்தில் நாங்கள் துளை துளையாக மூடி போடுவதே குளவிக்குப் பயந்துதான்.

வாவிக்கரையான்

காக்கா, கடலிலேயே கிடந்த சாமானுக்கு உப்பு ஒத்துவராதா? சண்டர்லாண்ட் பறக்கும் படகும் கற்றலினாவும் வருடக்கணக்கில் தண்ணீரில்தானே கட்டிக் கிடந்தன?

அக்கரைப்பற்றான்

கிடந்தன. ஆனால் ஆளோடு கிடந்தன. சண்டர்லாண்ட் நங்கூரத்தில் நிற்கும்போது இரவிலும் இரண்டு பேர் உள்ளே காவல் இருப்பார்கள், அடியில் ஊறும் தண்ணீரைப் பம்ப் அடித்து இறைப்பார்கள். குறித்த காலத்துக்கு ஒருக்கால் சாய்தளத்தில் இழுத்தேற்றி நல்ல தண்ணீரால் கழுவி, உரிந்த இடத்துக்குப் பெயின்ற் பூசுவார்கள். எங்கள் மீன்காரர் வள்ளத்தை இழுத்துப் போட்டுச் சுரண்டுகிற மாதிரித்தான். அதோடு, யுத்த விமானத்தைக் கட்டியவன் அது சில வருடம் பறந்தால் காணும் என்றுதான் கட்டினான். எண்பது வருடம் வெயிலில் நிற்கும் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

ஹரோ சிவம்

இதற்கு நல்ல உதாரணம் இங்கே இங்கிலாந்தில் டக்ஸ்போர்டில் இருக்கிறது. எம்எல்796 என்ற சண்டர்லாண்ட். பிரெஞ்சுக் கடற்படையில் வேலை முடிந்ததும் லா போல் என்ற கடலோர ஊரில் அதை மதுச்சாலையாக்கி விட்டார்கள். உள்ளே கதிரை மேசை போட்டு, பக்கத்தில் வாசல் வெட்டி. பறப்பை எல்லாம் யார் நினைத்தார்கள்! 1976 இல் டக்ஸ்போர்டுக்கு வந்தது. இப்போது கூரைக்குக் கீழே நிற்கிறது.

லண்டன் ஹென்டனில் நிற்கும் எம்எல்824 உம் அப்படித்தான். 1971 இல் வந்து சில வருடம் வெளியில் நின்று பிறகு உள்ளே போனது. நியூசிலாந்து ஒக்லாந்தில் உள்ள சண்டர்லாண்டும் பல தசாப்தம் மழையில் நின்றதுதான். இன்று மிஞ்சியிருக்கும் சண்டர்லாண்டுகளின் கதையைக் கேட்டால் பெரும்பாலானவற்றில் நடுவில் ஒரு வெளி முற்றக் காலம் வரும், அதற்குப் பின் ஒரு நீண்ட திருத்த வேலைக் காலம் வரும்.

அடையாறு வாசி (சென்னை)

ஈழத்து நண்பர்களுக்கு வணக்கம். நீங்கள் ஜப்பான் வரை போக வேண்டாம், கோவா போதும். வாஸ்கோவில் டபோலிம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இந்தியக் கடற்படையின் விமான மியூசியம் இருக்கிறது. முற்றத்தில் ஷார்ட் சீலாண்ட் ஒன்று நிற்கிறது. வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் கட்டிய சின்ன இரட்டை எஞ்சின் ஆம்ஃபிபியன், தண்ணீரிலும் இறங்கும், தரையிலும் இறங்கும். மொத்தம் 25 தான் கட்டினார்கள். அதில் பத்தை இந்தியா வாங்கியது. 1953 இல் கொச்சிக்கு வந்த அந்த சீலாண்டுகள்தான் இந்தியக் கடற்படையின் முதல் விமானங்கள். சீ ஹாக், அலிசே, சீ ஹாரியர் எல்லாம் பிறகு வந்தவை.

அதே முற்றத்தில் சூப்பர் கான்ஸ்டலேஷன் ஒன்றும் நிற்கிறது, மூன்று வால் வைத்த நீளமான விமானம். கூட்டம் எல்லாம் அதற்குக் கீழேதான். சீலாண்டைக் கண்டுகொள்ள ஆளில்லை. நான் போனபோது ஒரு குடும்பம் அதன் மிதவை நிழலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, எழுந்து போகும்போது ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய சீலாண்டுகளில் ஒன்று ஐயா அது!

கடல் விமானம் இல்லை என்றாலும் விசாகப்பட்டினக் கடற்கரைச் சாலையில் டியூ142 இருக்கிறது. நம் அரக்கோணம் ராஜாளித் தளத்திலிருந்து கடலைக் கண்காணித்த விமானம். 2017 மார்ச்சில் ஓய்வு கொடுத்து, அந்த ஆண்டு டிசம்பரில் மியூசியமாகத் திறந்தார்கள். எதிரே கடல். காக்கா சொல்கிற வெள்ளைத் தூள் கதைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

கொக்கட்டிச் செல்வன்

நான் ஒரு வழி சொல்லவா? ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல்தானே. உள்ளுக்குக் கிடக்கிற பிளேனில் ஒன்றைத் தூக்கி எடுத்தால் கப்பல் கூலியும் மிச்சம், வாங்குகிற காசும் மிச்சம்.

சுழியோடி

தூக்க அங்கே ஒன்றும் இல்லை செல்வன். அன்றைக்கு ஹேர்மிஸில் விமானமே இருக்கவில்லை. அதன் ஸ்வோர்ட்பிஷ் விமானங்கள் கரையில் நின்றன. தாக்குதல் வரப்போகிறது என்று திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு அவசரமாகத் தெற்கே ஓடி, காலையில் திரும்பி வரும் வழியில்தான் அகப்பட்டது. தலைகீழாகப் பாய்ந்து குண்டு போடும் டைவ் பொம்மர்கள் எண்பதுக்கும் மேலே வந்தன. துணைக்கு வந்த அவுஸ்திரேலிய நாசகாரி வம்பயரும் அதே இடத்தில் தாண்டது. ஹேர்மிஸில் 307 பேர் இறந்தார்கள். தண்ணீரில் தத்தளித்த அறுநூறு பேரளவில் வீற்றா என்ற வைத்தியக் கப்பல் ஏற்றிக்கொண்டு போனது.

இன்னொன்று. விமானம் கிடந்திருந்தாலும் கை வைக்க விடமாட்டோம். அது மனிசர் இறந்த இடம். 53 மீற்றர் ஆழம், சாதாரணச் சுழியோடிகளின் 40 மீற்றர் எல்லைக்குக் கீழே. கடல் ஓய்ந்திருக்கிற மாதங்களில், அதாவது சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில், பயிற்சி பெற்றவர்கள் இறங்குகிறார்கள். கீழே கப்பல் சாய்ந்து கிடக்கிறது. ஐந்தரை அங்குலப் பீரங்கி ஒன்றின் குழலில் கறுப்புப் பவளம் பற்றைப் பற்றையாக முளைத்து, அதைச் சுற்றிக் களவா மீன் நிற்கும். வெளிச்சத்தை வாய்க்குள் அடித்தால் உள்ளேயும் மீன்.

ஆழம் பயம் என்றால் அதே நாளில் தாண்ட பிரிட்டிஷ் சார்ஜன்ற் என்ற எண்ணெய்க் கப்பல் வடக்கே கிடக்கிறது. ஏறக்குறைய 24 மீற்றர்தான்.

வாவிக்கரையான்

ஸ்வோர்ட்பிஷ் என்றதும் ஞாபகம் வந்தது. ஹேர்மிஸைத் தாழ்த்திய அயிச்சி டீ3ஏ டைவ் பொம்மர் கிட்டத்தட்ட 1,500 கட்டினார்கள். இன்று பறக்கிற நிலையில் ஒன்றுகூட இல்லை. கப்பல் எங்கள் கடலில் அப்படியே கிடக்கிறது, அடித்த விமானத்தில் பறக்க ஒன்றும் மிஞ்சவில்லை. இதைப் பார்த்தால் வெளியிலாவது ஒன்று நிற்கட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பூட்டி வைக்கக் கட்டடம் வரும்வரை காத்திருந்து காத்திருந்துதான் எத்தனையோ விமானங்களைப் பழைய இரும்புக்காரன் உருக்கினான்.

ஹரோ சிவம்

அந்தக் கதையில் எங்கள் நாட்டுக்கு நெருங்கியதும் ஒன்று உண்டு. 1943 இலிருந்து குவான்டாஸ் கம்பனி அவுஸ்திரேலியாவின் பேர்த்துக்கும் கொக்கலைக்கும் இடையில் கற்றலினா ஓட்டியது. ஜப்பான்காரரின் கண்ணில் படாமல் இந்து சமுத்திரத்தை ஒரே மூச்சில் கடக்க வேண்டும். 27 மணி நேரத்திலிருந்து 33 மணி நேரம். பயணிகள் வெறும் மூன்று பேர், மிச்சப் பாரம் எல்லாம் எரிபொருள். போகும் வழியில் சூரியன் உதிப்பதை இரண்டு தரம் பார்த்தார்கள். 271 தடவை கடந்தார்கள். யுத்தம் முடிந்ததும் அந்த விமானங்களுக்கு என்ன நடந்தது தெரியுமா? அமெரிக்காவோடு செய்த இரவல் ஒப்பந்தத்தின்படி வைத்திருக்கக் கூடாது என்று கடலில் கொண்டுபோய்த் தாழ்த்தி விட்டார்கள். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. கொக்கலையில் நிறுத்த உலகத்தில் அதைவிடப் பொருத்தமான விமானம் ஏது?

கனடாக் குருவி

எல்லாருக்கும் வணக்கம், நான் ஆரையம்பதி, இப்போது பிரிட்டிஷ் கொலம்பியா. மார்ட்டின் மார்ஸைப் பற்றி ஒருத்தரும் சொல்லவில்லையே! அமெரிக்கக் கடற்படைக்குக் கட்டிய பறக்கும் படகு. இறக்கை 61 மீற்றர், வாவிக்கரைத் தம்பி சொன்ன எமிலியின் இறக்கையைவிட 23 மீற்றர் கூட. 1959 இல் கடற்படை கழித்துவிட்ட நாலை இங்கே மரக் கம்பனிகள் வாங்கிக் காட்டுத்தீ அணைக்க மாற்றின. ஏரியில் ஓடியபடியே 27,000 லீற்றர் தண்ணீரை அள்ளிக்கொண்டு எழும்பும். நாலில் இரண்டு மிஞ்சின. ஹவாய் மார்ஸ் 2024 ஓகஸ்ட் 11 ஆம் திகதி கடைசியாகப் பறந்து, சிட்னி என்ற ஊரில் உள்ள விமான நூதனசாலைக்கு வந்து சேர்ந்தது. (அவுஸ்திரேலியா இல்லை, வன்கூவர் தீவில் இருக்கும் சிட்னி.) கரையெல்லாம் சனம். எனக்குப் பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மற்றது பிலிப்பைன் மார்ஸ். அது 2025 பெப்ரவரியில் அரிசோனாவுக்குப் பறந்தது. பாலைவனத்தில் ஓர் ஏரியில் இறங்கி, துண்டு துண்டாகக் கழற்றி லொறியில் டூசான் நகரத்துப் பீமா நூதனசாலைக்குப் போனது. ஒரே விமானத்தின் இரண்டு பிரதிகள், ஒன்று கடலோர மழையில், மற்றது பாலைவன வெயிலில். முப்பது வருடம் கழித்துப் பார்த்தால் அக்கரைப்பற்று அண்ணரின் பாடம் கண்ணுக்கு முன்னால் நிற்கும்.

அக்கரைப்பற்றான்

தங்கச்சி சரியான இடத்தைத் தொட்டிருக்கிறா. அமெரிக்கா இராணுவ விமானங்களை ஆயிரக்கணக்கில் அதே டூசானில் நிறுத்தி வைப்பது இதனால்தான். காற்றில் ஈரம் குறைவு, மழையும் குறைவு. தகட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வெயில் றப்பரையும் பெர்ஸ்பெக்ஸ் கண்ணாடியையும் தின்னும். கண்ணாடி முதலில் மங்கும், பிறகு மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். ஆகையால் வெள்ளைப் படலம் பூசி மூடி வைப்பார்கள்.

எங்களுக்கு இரண்டும் உண்டு, அதுதான் பிரச்சினை. கச்சான் காற்றில் காய்ச்சி எடுக்கும், மாரியில் ஊற வைக்கும், நடுவில் கடலிலிருந்து உப்பு.

என்னைக் கேட்டால் கல்லடி வேண்டாம். அம்பாறைக்குக் கொண்டு போங்கள். இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரக் கரையில் வைத்தால் நல்ல தண்ணீர், கடலிலிருந்து தூரம், கழுவுவதற்குக் குளத்துத் தண்ணீரே காணும்.

கொக்கட்டிச் செல்வன்

பார்த்தீர்களா, பிளேன் வரமுதலே அம்பாறைக்காரர் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வாவிக்கரையான்

ஹேர்மிஸ் தாண்டது மட்டக்களப்புக்கு நேரே, இங்கினியாகலைக்கு நேரே இல்லை. காட்டுக்குள் குளத்தோரம் வைத்தால் யானைதான் பார்க்கும்.

மட்டுறுத்துநர்

மாவட்டச் சண்டை வேறு இழையில் ஏற்கெனவே ஓடுகிறது. இங்கே விமானத்துக்கு வாருங்கள்.

ஹரோ சிவம்

சரி, விமானத்துக்கு வருகிறேன். அரியது என்றால் சண்டைக் கடல் விமானங்களில் கொன்வேயர் சீ டார்ட்டை அடிக்க ஒன்றில்லை. ஜெட் எஞ்சின், முக்கோண இறக்கை, வயிற்றில் சில்லுக்குப் பதிலாகப் பனிச்சறுக்குக் கட்டை மாதிரி இரண்டு நீர்ச்சறுக்கி. ஹேர்மிஸ் தாண்ட அதே ஏப்ரல் 9, பதினொரு வருடம் கழித்து 1953 இல் முதன்முதல் முறையாகப் பறந்தது. அடுத்த வருடம் ஒலியைவிட வேகமாகப் பறந்தது, தண்ணீரிலிருந்து எழும்பும் விமானங்களில் அதைச் செய்தது அது ஒன்றுதான். அதே 1954 நவம்பரில் சான் டியாகோ குடாவில் ஆட்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கும்போது நடுவானில் உடைந்து விமானி இறந்தார். ஐந்துதான் கட்டினார்கள். மிஞ்சிய நாலில் ஒன்று சான் டியாகோ நூதனசாலை வாசலில், வெளியில், தூணில் ஏறி நிற்கிறது. சறுக்கிகளை நிலத்தில் நின்றே பார்க்கலாம்.

ரஷ்யாக்காரர் வேறு மாதிரி. மொஸ்கோவுக்குப் பக்கத்தில் மொனினோவில் பர்தினி வடிவமைத்த விவிஏ14 இன் உடம்பு புல்லுக்குள் கிடக்கிறது. இறக்கையைக் கழற்றி வைத்து எத்தனையோ வருடம். தண்ணீரிலும் நிற்க வேண்டும், செங்குத்தாகவும் எழும்ப வேண்டும் என்று கட்டத் தொடங்கியது. 1972 இல் பறந்தது, செங்குத்தாக எழும்பவில்லை. செங்குத்தாகத் தூக்கும் எஞ்சின்கள் வரவேயில்லை.

அப்புறம் லூன். அதை விமானம் என்பதா கப்பல் என்பதா என்று அவரவர் தீர்மானித்துக்கொள்ளலாம். 73 மீற்றருக்கு மேல் நீளம், மூக்குக்குப் பின்னால் எட்டு ஜெட் எஞ்சின், முதுகில் ஆறு ஏவுகணைக் குழாய். தண்ணீருக்கு மேலே சில மீற்றர் உயரத்தில் மட்டும் பறக்கும். 1987 இல் சேவைக்கு வந்து, சோவியத் உடைந்த பிறகு காஸ்பியன் கடலோரத் தளத்தில் கட்டிக் கிடந்தது. 2020 இல் நூதனசாலைக்கென்று இழுத்துக்கொண்டு போகும்போது டேர்பென்ட் கடற்கரையில் தட்டி நின்றது. அலை அடித்து அடித்து உள்ளே தண்ணீர் ஏறிய படங்கள் அப்போது உலகமெல்லாம் சுற்றின. கூட்டம் கூட்டமாக சனம் பார்க்கப் போனது.

வாவிக்கரையான்

இதைத்தான் நான் சொல்கிறேன். ஹாங்கருக்குள் இருந்திருந்தால் அந்த ஊர்ச் சனம் கண்ணால் கண்டிருக்குமா?

அக்கரைப்பற்றான்

கண்டது, சரி. அலையில் அடிபட்ட அடியை யார் திருத்துவது? வெளியில் நின்றதைத் திருத்த எவ்வளவு காலம் பிடிக்கும் என்று பார்க்க வேண்டுமானால் அயிச்சி செய்ரானைப் பாருங்கள். பெரிய நீர்மூழ்கியின் உள்ளே மடித்து வைத்து, மேலே வந்ததும் விரித்து ஏவுகிற மிதவை விமானம். பனாமாக் கால்வாயை அடிக்கவென்று கட்டியது. 28 கட்டினார்கள், ஒன்று மிஞ்சியது. கலிபோர்னியாவில் ஒரு கடற்படைத் தளத்தில் 1962 வரை வெட்டவெளியில் நின்றது. மழை ஒரு பக்கம், நினைவுப் பொருளென்று கழற்றிக்கொண்டு போனவர்கள் ஒரு பக்கம். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நூதனசாலைக்காரர் 1989 இல் திருத்தத் தொடங்கி 2000 இல்தான் முடித்தார்கள். உலகத்தின் முதல் தர வேலைக்காரருக்கே அவ்வளவு காலம்.

உன் எமிலியும் நாற்பத்தைந்து வருடமாக வெளியில் நிற்கிறதுதான். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கடற்படைத் தளமே இருக்கிறது. கனோயாவில் அதைப் பார்க்கிற ஆட்கள் விமானம் கழுவுவதையே தொழிலாகச் செய்கிறவர்கள். நாங்கள் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினால், திறப்பு விழா அன்று மாலை போடுகிறவர்கள் நூறு பேர். அடுத்த வைகாசியில் குழாய் பிடிக்கிறவர் பெயர் என்ன? அந்தப் பெயரைச் சொல்லுங்கள், நான் அக்கரைப்பற்றிலிருந்து வந்து எங்கெங்கே மூடி போட வேண்டும் என்று சும்மா காட்டித் தருகிறேன்.

கனடாக் குருவி

மாதிரி செய்தால் என்ன? கற்றலினாவின் உண்மை அளவில் பைபர்கிளாஸில். துருவும் இல்லை, அவ்வளவு காசும் இல்லை.

அக்கரைப்பற்றான்

மோசமில்லை. உள்ளே இரும்புச் சட்டம் போட்டால் அதுவும் துருப்பிடிக்கும், அதனால் நாகம் பூசிய குழாயில் செய்ய வேண்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருக்கால் பெயின்ற். மாதிரி என்று பலகையில் பெரிதாக எழுதினால் எனக்குச் சம்மதம்.

வாவிக்கரையான்

எனக்குச் சம்மதமில்லை. மாதிரியைத் தொட்டால் பிளாஸ்ரிக் வாளியைத் தொட்டதுதான். உண்மையான தகட்டில் ஆணி வரிசை வரிசையாக ஓடும், சில இடத்தில் சுத்தியல் அடி பிசகியிருக்கும், அதைக் கட்டின பெண்களின் கை அது. உடைந்து போன ஓர் இறக்கைத் துண்டு கிடைத்தாலும் அதை ஒரு கூரைக்குக் கீழே வைப்பேன், முழு மாதிரியை வைக்க மாட்டேன்.

சுழியோடி

துண்டு பற்றிச் சொன்னதால்: திருகோணமலையில் அதே ஏப்ரல் 9 தாக்குதலில் ஜப்பான் விமானம் ஒன்று எண்ணெய்த் தாங்கியில் வந்து மோதியது. தாங்கி நாட்கணக்கில் எரிந்தது. உருகி மடிந்த அதன் இரும்பு இன்றும் அங்கே வெளியில்தான் கிடக்கிறது. யாரும் பெயின்ற் அடிக்கவில்லை, யாரும் கழுவவில்லை. அதற்கு அது தேவையும் இல்லை.

கல்முனை ரீச்சர்

இவ்வளவையும் வாசித்துவிட்டு ஒரு சின்னக் கேள்வி. சான் டியாகோவும் கனோயாவும் என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எட்டாது. நாட்டுக்குள் எதைக் காட்டலாம்? முன்பு ஒரு தரம் ஒரு பயண ஏற்பாட்டுக்காரர் விமான நூதனசாலை என்று காசு வாங்கிவிட்டு, பஸ்ஸை வெளி வேலியோடு நிறுத்திக் கையைக் காட்டிவிட்டுத் திருப்பினார். இந்த முறை நானே ஒழுங்கு செய்யப் போகிறேன்.

அக்கரைப்பற்றான்

இரத்மலானையில் விமானப்படை நூதனசாலைக்குக் கொண்டுபோங்கோ ரீச்சர். 2009 இல் பொதுமக்களுக்குத் திறந்தது. கடல் விமானம் இல்லை, ஆனால் அரிய சாமான்கள் இருக்கின்றன. போல்ரன் போல் பாலியோல் என்ற பயிற்சி விமானத்தைத் தவற விடாதீர்கள். 1950 களில் இலங்கை வாங்கியது. மூக்குக்குள்ளே ஸ்பிற்பயரில் இருந்த அதே மேர்லின் எஞ்சின் குடும்பம். உலகத்தில் ஒரு சிலதான் மிஞ்சியிருக்கின்றன, இங்கிலாந்துக்காரரே இதைத் தேடி வந்து படமெடுக்கிறார்கள். மிக்17 சண்டை விமானம், 1971 கிளர்ச்சி நேரத்தில் சோவியத் கொடுத்தது. ஜெட் புரோவோஸ்ற். கமோவ் ஹெலிகொப்ரர்.

பிள்ளைகளை விமானத்துக்கு முன்னால் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துவிட்டுக் கூட்டி வராதீர்கள். வெளியில் நிற்கிற ஒன்றையும் ஹாங்கருக்குள் நிற்கிற ஒன்றையும் ஒரே கேள்வியோடு பார்க்கச் சொல்லுங்கள். குனிந்து இறக்கையின் அடியைப் பார்க்க வேண்டும். சில்லுக் குழிக்குள் ரோச் அடிக்க வேண்டும். பெயின்ற் எங்கே கொப்புளித்திருக்கிறது, கண்ணாடி எந்தப் பக்கம் மங்கியிருக்கிறது, வடிகால் துளையில் மண் இருக்கிறதா என்று கொப்பியில் கீறிக்கொண்டு வரட்டும். தொடக் கூடாது, ஏறக் கூடாது, அங்கே நிற்கிற விமானப்படை ஆட்களிடம் கேள்வி கேட்கலாம், நல்லாச் சொல்லித் தருவார்கள். போவதற்கு முன்னர் பாடசாலைக் கடிதத்தலைப்பில் அனுமதி கேட்டு எழுதி விடுங்கள்.

கல்முனை ரீச்சர்

நல்லது அண்ணர். ரசாயனப் பாடத்தில் அரிப்பு அலகு இந்தத் தவணைதான் வருகிறது. கடிதம் இன்றைக்கே எழுதுகிறேன்.

கொக்கட்டிச் செல்வன்

ரீச்சர், பஸ்ஸில் பெரிய ஆட்களுக்கு இடம் உண்டா? வாவிக்கரையானையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், அவனுக்கும் கொப்பி வேண்டும்.